நறுமண அரணும் ஒரு மூக்கடைப்பும்

உலக வரலாற்றை வாளின் வழியாக எழுதினார்கள், பேனாவின் வழியாக எழுதினார்கள். மூக்கின் வழியாக எழுத மட்டும் எவருக்கும் துணிவு வரவில்லை. அந்தப் பெருங்குறை இன்றோடு தீர்கிறது. நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனிதகுலம் கண்ட மாபெரும் கண்டுபிடிப்பு, பழப்பயிர்ப் பாதுகாப்பு நிலையத்தின் பின்பக்கக் கட்டடத்தில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகள் குவித்த அறைக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன அறையில் நிகழ்ந்தது. கண்டுபிடித்தவர், அந்த அறையில் அடங்கிய நறுமணப் பிரிவின் தலைவர் புதினா சார்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி இயக்குநரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் புதினா சார்தான். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும். அவர் போன பிறகும் அது மின்விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. இதைச் சமூகம் தனக்குச் செய்யும் மரியாதை என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்.

"வீட்ல கொசு இல்ல, அது வரைக்கும் நிம்மதி," என்பாள் அவர் மனைவி. "ஆனா உங்க பக்கத்துல நானும் இல்ல. அதையும் உங்க ஆராய்ச்சியில சேர்த்துக்குங்க."

கண்டுபிடிப்பு இதுதான். பழ ஈ என்று ஓர் ஈ உண்டு. தர்பூசணிப் பிஞ்சைத் தேடி வந்து, ஊசி போடுவதுபோலத் துளைத்து, உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வெளியே பார்த்தால் காய் மூக்கும் முழியுமாக இருக்கும். அறுத்தால் உள்ளே புழு நெளியும். அந்த ஈ மோப்பம் பிடித்துத்தான் வருகிறது. புதினா, எலுமிச்சைப்புல், கிராம்பு மூன்றின் எண்ணெயையும் ஒரு பக்குவத்தில் கலந்து, சின்னக் குப்பியில் திரி போட்டு, கொடிகளுக்கு நடுவே குச்சி நட்டுத் தொங்கவிட்டால் ஈக்கு வழி தெரியாமல் போய்விடும். விஷம் இல்லை, கொலை இல்லை. "அம்மா, நீங்க தேடி வந்த வீடு இது இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பும் முறை.

"வேலையில்லாதவன்தான் ஈ ஓட்டுவான்னு சொல்லுவாங்க," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "நான் ஈ ஓட்டறதுக்கே சம்பளம் வாங்கறவன்."

முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பிஞ்சு பிடித்து, கட்டைவிரல் அளவு தேறிய பிறகுதான் குப்பியைத் தொங்கவிட வேண்டும். பூ நேரத்தில் கூடவே கூடாது. ஏனென்றால் ஈக்கு வழி மறந்தால் தேனீக்கும் வழி மறக்கும். தர்பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இதிலிருந்து அதற்குத் தேனீ மகரந்தம் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் காய் கிடையாது. இந்த நிபந்தனையைக் கண்டுபிடித்ததும் புதினா சார்தான். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னவரும் அவர்தான். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் செயல்விளக்க வயலாக அவருடைய தங்கையின் வயல் தேர்வானது. சலுகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு யாரும் வயல் தரவில்லை. தங்கைக்குக் காரணம் இருந்தது. முந்தின பருவத்தில் அவள் கணவன் ஈக்கு மருந்தடித்துவிட்டு வரப்பிலேயே மயங்கி விழுந்தான். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து போயின. இனி மருந்துத் தொட்டியை முதுகில் ஏற்றவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இனிமே அவரை அந்தத் தொட்டியைத் தொட விடமாட்டேன்," என்றாள் தங்கை. "இருக்கறது இந்த ஒரு வயல்தான். முழுசா உன் வாசனையை நம்பித்தான் போடறோம்."

"நம்பிப் போடும்மா," என்றார் புதினா சார். "நான் இருக்கேன்."

இந்த 'நான் இருக்கேன்' என்ற சொல்லுக்கு அவருடைய அகராதியில் பொருள் என்ன என்பது பிறகு தெரியவந்தது.

ஆலோசனைக் கூட்டம் ஜன்னல்கள் அடைத்த குளிரூட்டிய அறையில் நடந்தது. நீள மேஜையின் நடுவே குப்பி வீற்றிருந்தது. இயக்குநர் மூடியைத் திறந்து, முகர்ந்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது பூச்சிக்குப் பிடிக்காத வாசனையா?"

"ஆமா சார்."

"எனக்கும் பிடிக்கலையே. அப்ப நான் என்ன, பூச்சியா?"

நிர்வாக அதிகாரி புதினா சாரைப் பார்த்த பார்வையில் ஓர் இடமாறுதல் உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்," என்றார் புதினா சார் அவசரமாக. "எங்க பிரிவுல பயிரைக் கெடுக்கறதுக்கு மட்டும்தான் பூச்சின்னு பேரு. அது எதுவா இருந்தாலும் சரி. கெடுக்காத வரைக்கும் யாரும் பூச்சி இல்ல சார்."

"அப்ப சரி," என்று இயக்குநர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த வரையறை ஏகமனதாக ஏற்கப்பட்டது.

அடுத்து, பெயர் சூட்டும் பொருட்டு நீண்ட விவாதம். 'மண மதில்' என்று ஒருவர் சொன்னார், 'வாசக் காவலன்' என்று இன்னொருவர் சொன்னார். 'வாசக் காவலன்' என்றால் வாசல் காவலாளி தன்னைச் சொல்வதாக நினைத்துச் சம்பள உயர்வு கேட்பார் என்று நிர்வாக அதிகாரி எச்சரித்தார். கடைசியில் 'நறுமண அரண்' வென்றது. அதன் பிறகு தொடக்க விழா. தலைமையகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து முதல் குப்பியைத் தொங்கவிட வேண்டும். பெரியவருக்குப் பூ பூக்கும் வாரத்தில்தான் நேரம் ஒழிந்தது.

"அதுவும் நல்லதுதான் சார்," என்றார் புகைப்படக்காரர். "வயல் முழுக்க மஞ்சப் பூ. படம் அள்ளிக்கிட்டுப் போகும். பிஞ்சு நேரத்துல எடுத்தா பச்சையோட பச்சையா ஒண்ணும் தெரியாது."

புதினா சார் எழுந்தார். அவர் எழுந்தது உண்மை; அதை யாரும் மறுக்க முடியாது.

"சார், ஒரு சின்ன விஷயம். பூ நேரத்துல வந்து..."

"இருங்க சார்," என்றார் இயக்குநர். "தொடக்க விழாக் கல்வெட்டுல உங்க பேரு எங்க பேருக்கு மேல வரணுமா, கீழ வரணுமான்னு பெரிய விஷயம் போயிட்டிருக்கு. நடுவுல சின்ன விஷயத்தைக் கொண்டு வர்றீங்களே. சொல்லுங்க, என்ன?"

புதினா சாருக்குத் தொண்டை வரை ஒரு முழு அறிவியல் வந்து நின்றது. அவர் அதை மென்று விழுங்கினார்.

"மேலேயே இருக்கட்டும் சார்," என்றார்.

உட்கார்ந்ததும் மனசாட்சியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். காலையில் தொங்கவிடுவது, படம் எடுப்பது, சாயங்காலம் கழற்றிவிடுவது. ஒரு பகல் வாசனையில் ஒரு தேனீக்கும் ஒன்றும் ஆகிவிடாது. மனசாட்சி உடனே ஒப்புக்கொண்டது. அதுவும் அதே அலுவலகத்தில்தானே இவ்வளவு காலம் வேலை பார்த்தது.

விழா நாளில் வயல் முழுக்க மஞ்சள் பூ. வரப்பில் துணிப்பந்தல், நாற்காலிகள். தங்கையும் அவள் கணவனும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பூக்களில் தேனீக்கள் மும்முரமாக இருந்தன. அவற்றுக்கு அழைப்பிதழ் போகவில்லை.

பெரியவர் காரிலிருந்து இறங்கும்போதே தும்மினார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கைகூப்பினார். கடுமையான ஜலதோஷம். ஆனாலும் கடமை முக்கியம் என்று வந்திருந்தார். குச்சியில் முதல் குப்பியைத் தொங்கவிட்டு, மற்ற குச்சிகளில் ஆட்கள் ஒவ்வொன்று மாட்டியதும் குனிந்து முகர்ந்தார்.

"வாசனையே வரலையே?"

இயக்குநரின் முகம் வெளுத்தது. புதினா சார் பக்கம் திரும்பி, "என்ன சார் இது, தண்ணியா?" என்றார்.

"இல்ல சார், அவருக்கு மூக்கு..."

"அவர் மூக்கைப் பத்திப் பேச நீங்க யாரு? கூட்டுங்க!"

காட்சிக்காக ஜீப்பில் கொண்டுவந்திருந்த குப்பிகள் இறங்கின. குச்சிக்கு ஒன்று இருந்த இடத்தில் இரண்டாயின. பெரியவர் முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். இரண்டு மூன்றாயின. பந்தலில் இருந்தவர்களுக்குக் கண்ணில் நீர் கோத்தது. அதைப் பார்த்த பெரியவர், மக்கள் நெகிழ்ந்து போயிருப்பதாக எண்ணிக் கையை உயர்த்தினார். நாலாவது குப்பி ஏறியபோது அவர் கண்ணை மூடி, ஆழமாக இழுத்து, "ம்... லேசா ஏதோ வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

உடனே கைதட்டல். அந்த நொடியில் அந்த வயலுக்கான சரியான அளவு, அறிவியல் முறைப்படி, ஓர் அடைத்த மூக்கால் நிர்ணயிக்கப்பட்டது. நிலையத்தின் தாள்களில் அதற்கு 'ஒப்புதல் பெற்ற அளவு' என்று பெயர். குச்சிக்கு நாலு குப்பி. தேனீக்கள் ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருந்தன.

சாயங்காலம் கழற்றலாம் என்றிருந்த புதினா சாரிடம் இயக்குநர் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு குப்பியையும் அசைக்கக் கூடாது. பெரியவர் கைபட்டது."

"செஞ்சிடலாம் சார்," என்றார் புதினா சார். இது அவருடைய வாழ்நாள் வாக்கியம். மனைவியிடம்கூட ஒருமுறை வாய் தவறி இப்படிச் சொல்லி, "நான் உங்களுக்கு சாரா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சில நாள் கழித்துத் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணே, பூ பூக்குது. பூவுக்கடியில குண்டுமணியாட்டம் இருக்கு. அப்புறம் மஞ்சளாகி உதிர்ந்துடுது. ஒண்ணுகூட நிக்கல. தேனீயே வர்றதில்லண்ணே."

அவர் போய்ப் பார்த்தார். வயல் அழகாக இருந்தது, அமைதியாக இருந்தது. ஒரு சிறகுச் சத்தம் இல்லை. வாசனை மட்டும் வரப்பைத் தாண்டி ஆளைத் தள்ளியது. தங்கையின் கணவன் உதிர்ந்த பிஞ்சுகளைக் கையில் பொறுக்கிவைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கையில் புதுத் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது.

"மச்சான், இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டான்.

"மேலே பேசிட்டுச் சொல்றேன் மாப்பிள்ளை," என்றார் புதினா சார். சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மேலே பேசினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"அளவைக் குறைச்சா என்ன அர்த்தம் ஆகும் தெரியுமா சார்? பெரியவர் மூக்கு சரியில்லன்னு அர்த்தம் ஆகும். அதை எழுத்துல குடுக்க நீங்க தயாரா?"

புதினா சார் தயாராக இல்லை.

மதிப்பீட்டுக் குழு ஒருவழியாக வந்தது. மூன்று பேர், மூவருக்கும் முகக்கவசம். கொடிகளைக் காலால் விலக்கி விலக்கிப் பார்த்தார்கள்.

"ஈ துளைச்ச காய் இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் தங்கை.

"புழு வெச்ச காய்?"

"இல்லைங்க."

"அழுகல்?"

"அழுகறதுக்கும் ஒண்ணு வேணுமே," என்றாள் தங்கை. "நல்ல காய் இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

குழுத் தலைவர் சங்கடத்தோடு சிரித்தார். "அது விளைச்சல் குழும்மா. நாங்க சேதாரக் குழு. அவங்க வேலையில நாங்க மூக்கை நுழைக்கக் கூடாது."

சேதம் அறவே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு நூறு. நிலையத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு வெற்றி கிடையாது. காய்க்காத வயலில் காய் கெடவே கெடாது என்ற இந்தப் பேருண்மையை நம் முன்னோர் எவரும் கண்டுகொள்ளவில்லையே என்று எண்ணும்போது நெஞ்சு விம்முகிறது.

குழுவின் ஜீப் போன பிறகு தங்கை அண்ணனைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பூ நேரத்துல தொங்கவிடக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னது நீதானே? நானும் பின்வரிசையில உட்கார்ந்து கேட்டேனே. விழாவன்னிக்கு, அண்ணன் இருக்காரு, அவருக்குத் தெரியாததான்னு பேசாம நின்னேன்."

"ஆமாம்மா."

"பயிரைக் கெடுக்கறது எதுவோ அதுக்குப் பேருதான் பூச்சி. அதையும் அந்தப் பயிற்சியிலேயே நீதான் சொன்னே." அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் புதினா சார் வயலுக்கு வந்தார். அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் வீரம் காட்டுவதில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. குப்பிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டினார். பிறகு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, குனிந்து ஒரு பெண் பூவில் தொட்டார். அடுத்த பூ. அதற்கடுத்த பூ. தங்கையும் அவள் கணவனும் வந்து ஆளுக்கொரு பாத்தியில் இறங்கினார்கள். நறுமணப் பிரிவின் தலைவர், பென்ஷனை எட்டிப் பிடிக்கிற வயதில், தேனீயாகப் பதவி இறக்கம் பெற்றார். அந்த வேலையிலும் அவர் சிறக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. தேனீக்கு இடுப்பு எவ்வளவு சின்னது, அதை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு வேலை பார்க்கிறது என்று முதன்முறையாக அவருக்குப் பொறாமை வந்தது.

ஆனால் பூக்கும் காலம் முடிகிற நேரம் அது. கொடியின் வால் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காய் பிடித்தது. அவை கட்டைவிரல் அளவு தேறியதும் தங்கை குச்சிக்கு ஒரே ஒரு குப்பி தொங்கவிட்டாள், பயிற்சியில் சொன்னபடி. அந்தக் காய்களில் ஒன்றில்கூட ஈ துளைக்கவில்லை. சுற்றுவட்டார வயல்களில் ஈ புகுந்து விளையாடியது. ஆக, புதினா சாரின் முறை உண்மையிலேயே நல்ல முறை. இதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வேறு வேண்டியதில்லை.

வண்டி நிறைய ஏற வேண்டிய வயலில் இரண்டு சாக்கு தேறவில்லை. தங்கை ஒருநாள் அலுவலக வாசலுக்கே வந்து சொன்னாள்: "அவரு கூலிக்குப் போறாருண்ணே. அக்கம்பக்கத்து வயல்ல மருந்தடிக்க. வேற வேலை கிடைக்கல."

புதினா சாருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அவரைத் தாங்க வாசலில் நாற்காலி இல்லை. அவருடைய பெயரை மேலே போட்ட கல்வெட்டுதான் இருந்தது.

வெற்றி விழா நிலையத்தின் அரங்கில். ஜன்னல்களைச் சாத்தி, குளிரூட்டியைப் போட்டிருந்தார்கள். பெரியவர் வந்தார். இம்முறை ஜலதோஷம் இல்லை, முகம் பளிச்சென்றிருந்தது. தங்கையும் அழைக்கப்பட்டிருந்தாள், 'பயனடைந்த விவசாயி' என்ற தகுதியில். மடியில் ஒரு தர்பூசணியை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் பாராட்டுரை வாசித்தார்: "ஒரு பூச்சிகூட உள்ளே நுழையாத வயலைப் படைத்த செம்மல்!" பிறகு குரலை உயர்த்தினார். "வரும் பருவத்திலிருந்து நம் எல்லைக்குள் இருக்கிற அத்தனை பழத்தோட்டத்துக்கும், பூ பூக்கிற வாரத்திலேயே, ஒப்புதல் பெற்ற அளவில் நறுமண அரண் அமைக்கப்படும்!"

கைதட்டல் ஓய்வதற்குள் புதினா சார் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"அந்த வயல்ல காயே இல்லீங்க," என்றார். "பூ நேரத்துல தொங்கவிட்டோம். தேனீ ஓடிப் போச்சு. கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஆலோசனைக் கூட்டத்துல வாயை மூடிக்கிட்டேன். ஒரு பூச்சியும் நுழையலன்னு சொல்றாங்க. நுழைஞ்சுது. நான்தான் அது."

இயக்குநர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார்.

"என்ன ஒரு பணிவு! வெற்றியின் உச்சியில் நின்னுக்கிட்டு தன்னையே பூச்சின்னு சொல்லிக்கிறாரே!"

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். புதினா சார் எவ்வளவு சத்தமாக "நிஜமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினாரோ அவ்வளவு சத்தமாகக் கைதட்டல் கூடியது. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் உண்மையைப் பேசினார். அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள் போலிருந்தது.

மேஜையில் காட்சிக்கு நாலு குப்பிகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக மூடியைத் திருகினார். திரியைப் பிடுங்கி எறிந்தார். நாலையும் மேஜைமேல் கவிழ்த்தார்.

குளிரூட்டி அந்த வாசனையை வாங்கி, வஞ்சகமில்லாமல், வரிசை வரிசையாகப் பரிமாறியது.

முதலில் பெரியவரின் மூக்கு சுருங்கியது. பிறகு முகம் முழுவதும் சுருங்கியது. "என்னய்யா இது!" என்று அலறிக்கொண்டு எழுந்தார்.

"ஒப்புதல் பெற்ற அளவு சார்," என்றார் புதினா சார். "நீங்க குடுத்ததுதான்."

"மூடுய்யா! மூடு!" என்றார் இயக்குநர், இருமலுக்கு நடுவே.

"பெரியவர் கைபட்டது சார். அசைக்கக் கூடாது."

பெரியவர் கதவை நோக்கி ஓடினார். அவர் ஓடினால் இயக்குநர் ஓட வேண்டும். இயக்குநர் ஓடினால் நிர்வாக அதிகாரி ஓட வேண்டும். பதவி வரிசை கொஞ்சமும் பிசகாமல் அரங்கம் காலியானது. சேதாரக் குழு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டே ஓடியது. புகைப்படக்காரர் மட்டும் பின்பக்கமாக நடந்தபடி படம் எடுத்துக்கொண்டு போனார்.

தங்கை போகவில்லை. ஒரு பருவம் முழுக்க அந்த வாசனையில் வாழ்ந்தவள் அவள். மெதுவாக மேடைக்கு வந்து தர்பூசணியை மேஜைமேல் வைத்தாள். கையால் ஓங்கி ஒரு குத்து. பழம் பிளந்தது. உள்ளே நல்ல சிவப்பு. ஒரு புழு இல்லை, ஒரு துளை இல்லை.

"இன்னிக்குத் திறந்தியே நாலு குப்பி," என்றாள். "அன்னிக்கு அந்தக் கூட்டத்துல வாயைத் திறந்திருந்தா போதாதாண்ணே?"

அவர் பழத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் நீர் வந்தது. கிராம்பு எண்ணெய் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை.

வெளியே பல பேர் இருமுகிற சத்தம். அதற்கு மேலே இயக்குநரின் குரல் கதவிடுக்கு வழியாக வந்தது.

"உள்ள இன்னும் யாராவது இருக்கீங்களா?"

"ஒரே ஒரு பூச்சிதான் சார் பாக்கி," என்றார் புதினா சார். "மத்ததெல்லாம் வெளிய, உங்ககூடத்தான் நிக்குது."